கற்பூரம் வாங்கி வந்தவன்

10 மார்ச் 1943, புதன்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சூப்பிரண்டெண்ட் பதவி தாண்டவராயனுக்குப் போய்விட்டது. கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். என் சரித்திர நோட்ஸை இரவல் வாங்கி, அதை வைத்தே பாஸ் செய்து, நோட்ஸை இன்றுவரை திருப்பித் தராதவன். நான் எம்.ஏ. இருபத்திரண்டு வருஷமாக அரசாங்க மொழிபெயர்ப்பாளன். யுத்தம் வந்ததும் தபால் தணிக்கைக்குத் தள்ளினார்கள். ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படித்தேன். இப்போது அங்கிருந்தும் பெயர்த்துக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவில் போட்டிருக்கிறார்கள், தாண்டவராயனுக்குக் கீழே. அங்கே நடப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது, எங்கும் எழுதக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதனாலேயே எழுதுகிறேன்.

கோமதியிடம் உணவுக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு மாற்றல் என்று சொன்னேன். "அப்ப மண்ணெண்ணெய் கிடைக்குமா?" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் ஆர்வமாகக் கேட்ட முதல் கேள்வி.

11 மார்ச்

பங்களாவின் பின்கட்டு அறையில் ஒரே ஒரு கைதி. இருளப்பன், கமுதிப் பக்கத்துக்காரன், முப்பது வயது இருக்கும். நம் பட்டாளத்தில் ஒயர்லெஸ் சிப்பாய். சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் பிடிபட்டு, முகாமில் கிடந்து, அங்கிருந்து பினாங்குக்குக் கொண்டுபோகப்பட்டவன். அங்கே நம் கைதிகளில் சிலரைப் பொறுக்கியெடுத்து ஒற்றர் வேலை பழக்குகிறார்களாம், சொந்த ஊரையே வேவு பார்க்க. பழகியவர்களை நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுவந்து இரவில் ரப்பர் படகில் இறக்கிவிடுகிறார்கள்.

இவனை ராமநாதபுரம் கடற்கரையில் இறக்கினார்கள். இவன் ஒயர்லெஸ் பெட்டியை மணலில் புதைத்துவிட்டு, விடிந்ததும் நேராகக் கிராம முன்சீப் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறான். முன்சீப்பின் ரிப்போர்ட்டை நானே இங்கிலீஷில் பெயர்த்தேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று தாண்டவராயன் கேட்டான்.

"ஊருக்கு வர வேற கப்பல் இல்லய்யா" என்றான் இருளப்பன்.

12 மார்ச்

மேலதிகாரியான மேஜர் துரையின் ஏற்பாடு இது. இருளப்பன் பிடிபடாதவன்போல் பினாங்குக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி அத்தனையும் பொய். பினாங்கில் தமிழில்தான் பேசிவைத்திருக்கிறார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பிறகு சங்கேதத்தில் மாற்றுவது. பொய்யை நல்ல தமிழில் எழுதுவதற்கு ஓர் எம்.ஏ. தேவைப்பட்டிருக்கிறது.

பதிலுக்கு இருளப்பன் மேல் வழக்கு இல்லை. சாட்சியாக வைத்துக்கொண்டு, யுத்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மறுத்தால், எதிரியின் ஒற்றனுக்கு என்ன தண்டனையோ அது. கயிறுதான், வேறு எதுவும் கிடையாது.

தாண்டவராயன் இதை எழுதித் தருவதாகச் சொன்னான். இருளப்பன் தலையை ஆட்டினான். "காயிதம் வேணாம்யா. கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

தாண்டவராயன் சிரித்தான். "பிள்ளைவாள், போய் ஒரு கட்டி வாங்கிட்டு வாங்க. எம்.ஏ. படிச்சதுக்கு இன்னிக்காவது ஒரு உபயோகம்."

மூன்று கடை ஏறி இறங்கினேன். கற்பூரமே இல்லை. "அது ஜப்பான்லேர்ந்து வர்ற சரக்கு சார், சண்டைக்கு அப்புறம் ஏது?" என்றான் கடைக்காரன். கடைசியில் அயனாவரத்தில் ஒரு பூசாரி தன் டப்பாவிலிருந்து ஒரு வில்லை கொடுத்தார். சூப்பிரண்டெண்ட் ஆகியிருக்க வேண்டியவன் வெயிலில் கற்பூரம் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அறையில் நாங்கள் மூவர். வாயிற்காவல் சிப்பாய் பலூச்சி, தமிழ் தெரியாது. தாண்டவராயன் வில்லையைத் தரையில் கொளுத்தி, "இவன் சொன்னதைச் செஞ்சா இவன் உசுருக்கு நான் பொறுப்பு" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். கை சுட்டிருக்க வேண்டும். வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

17 மார்ச், புதன்

முதல் செய்தி போயிற்று. புதன்கிழமை மட்டும்தான் வேலை. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பினாங்கில் காதில் குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் இவன் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

ஆரம்பிப்பதற்கு முன் இருளப்பன் ஒரு நிபந்தனை போட்டான். ராகு காலத்தில் மட்டும் கருவியைத் தொட மாட்டான். பினாங்கிலும் தொட்டதில்லையாம்; அதனால் கூடப் படித்தவர்கள் இவனுக்கு 'ராகு' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். தாண்டவராயன் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்து, 'புதன் ராகு 12 – 1.30. ஒன்றரைக்கு மேல் ஆரம்பிக்க' என்று ஓர் அட்டையில் எழுதிக் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினான். துரைக்கு விளங்கவைத்தபோது அவர் சிரித்து, ஆள் நிம்மதியாக இருந்தால் கை நடுங்காது என்றாராம்.

ஒன்றரை ஆயிற்று. இருளப்பன் தண்ணீர் கேட்டான். குடித்தான். கை வியர்க்கிறது என்று துடைத்தான். கருவியின் திருகைக் கழற்றி ஊதி மாட்டினான். அவன் தட்டத் தொடங்கும்போது இரண்டரை. தாண்டவராயன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பார்க்க நன்றாக இருந்தது.

பதில் வந்தது. அந்தப் பக்கம் தட்டுவது பொன்னுச்சாமி என்பவன். கையெழுத்துப் போல ஒவ்வொருவன் தட்டும் விதமும் வேறாம். "நானும் அவனும் ஒரே பெஞ்சு" என்றான் இருளப்பன். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வந்தது.

24 மார்ச், புதன்

இடது கடைவாய்ப் பல் கொல்கிறது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு துறைமுகத்தில் இல்லாத கப்பல்களுக்குப் பெயர் வைத்தேன். இருளப்பன் இன்றும் அதே கூத்து: தண்ணீர், வியர்வை, திருகு. இன்றும் இரண்டரைக்குத்தான் கை வைத்தான்.

28 மார்ச், ஞாயிறு

மயிலாப்பூரில் கோமதியின் ஒன்றுவிட்ட அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ராகு காலம் ஆறு மணிக்கு முடிகிறது என்பதால் ஆறுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒரு மணி இருக்கு" என்றாள்.

போன செப்டம்பரில் அரசாங்கம் யுத்தத்துக்காக எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி முன்னால் தள்ளச் சொன்னது. என் கைக்கடிகாரத்தைத் தள்ளினேன். சுவர்க் கடிகாரத்தைத் தொட அவள் விடவில்லை. அது இப்போது ஐந்து காட்டியது.

"ராகு சூரியனைப் பாத்து வருவான். மவுண்ட் ரோட்டுக் கடிகாரத்தைப் பாத்தா வருவான்? பஞ்சாங்கத்துல போட்டிருக்கது பழைய மணி."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஏழு மணிக்குக் கிளம்பிப் போனோம். சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிட்டிருந்தது. திரும்பும்போது அவள், ஈப்போவிலிருந்து ஏதாவது தகவல் உண்டா, செஞ்சிலுவைக்காரர்களிடம் கேட்டீர்களா என்று ஆரம்பித்தாள். கைலாசத்தைப் பற்றி இந்த வீட்டில் பேச்சில்லை என்பதை நினைவுபடுத்தினேன். அப்பா கண் மூடிய நாற்பதாம் நாள் தன் பங்கு வயலை அயலானுக்கு விற்றுவிட்டு மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே ஈப்போவில் வாத்தியாராக உட்கார்ந்தவன். தம்பி என்று ஒருவன் இருந்தான். அவ்வளவுதான்.

31 மார்ச், புதன்

பிடித்துவிட்டேன்.

ஒன்றரையிலிருந்து இருளப்பன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மேல் சாளரத்து வெயில் தரையில் ஒரு பட்டையாக விழுகிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டை மேசைக்காலைத் தாண்டியதும் கை வைத்தான். இரண்டரை. அதாவது கோமதியின் கடிகாரத்தில் ஒன்றரை.

தாண்டவராயன் காலண்டரின் பழைய மணியைப் புதுமணிக் கடிகாரத்துக்குக் கீழே மாட்டிவிட்டான். ஒன்றரையில் ராகு காலம் முடியவில்லை, அப்போதுதான் பாதியில் இருக்கிறது. இருளப்பன் அதிகாரியைத் திருத்தத் துணியாமல், தண்ணீர் குடித்தும் திருகு கழற்றியும் மீதிப் பொழுதைத் தள்ளுகிறான்.

தாண்டவராயனிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாத ஒன்றை அவனுக்கு ஏன் தானம் செய்ய வேண்டும்? ஒரு நோட்ஸ் தானம் செய்தது போதும்.

3 ஏப்ரல்

பல்லைப் பிடுங்கியாயிற்று. டாக்டர் தவறான பல்லைப் பிடுங்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

14 ஏப்ரல், புதன், வருஷப் பிறப்பு

வருஷப் பிறப்புக்கும் விடுமுறை இல்லை. துரை நேரில் வந்தார். பினாங்கு நம்மை முழுக்க நம்பிவிட்டதாம். ஆகவே அடுத்த கட்டம்.

அடுத்த புதன் இருளப்பன் அனுப்ப வேண்டியது இது: பட்டணத்துக்குத் தெற்கே இறங்குவதற்கு நல்ல இடம் பார்த்துவிட்டேன், காவல் இல்லை, சித்திரை அமாவாசையன்று ஆட்களை அனுப்பவும். அவர்கள் வருவார்கள். மணல்மேட்டுக்குப் பின்னால் நம் ஆட்கள் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள்.

நான் தமிழ்ப்படுத்தி வாசித்தேன். இருளப்பன், வருகிறவர்களை என்ன செய்வார்கள் என்று கேட்டான். தாண்டவராயன், அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றான். அவர்களுக்கும் தனக்குக் கொடுத்தது போல ஒரு சத்தியம் கிடைக்குமா என்று கேட்டான். அதற்குத் தாண்டவராயன், "ஊருக்கெல்லாம் கொளுத்த ஜப்பான்காரன் கற்பூரம் அனுப்பலியே" என்றான்.

தாண்டவராயன் வெளியே போன பிறகு, நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கையில், இருளப்பன் தானாகவே சொன்னான். அடுத்து வர வேண்டியது நாலு பேர். அவனுக்குப் பின் பழகியவர்கள். எவனுக்கும் இருபத்தைந்து ஆகவில்லை. எல்லாரும் இவனைப்போல ஊருக்கு வந்தால் போதும் என்று பெயர் கொடுத்தவர்கள். ஒருவன் மட்டும் பட்டாளத்தான் இல்லை. ஜப்பானியர் தெருவில் பிடித்துப்போன பையன். "ஈப்போ வாத்தியார் மகன்யா. பொறந்தது அங்கிட்டு, பேச்சு மட்டும் திருநெல்வேலி. 'ஏல, வாடே'ம்பான். உங்க பேச்சு மாதிரியே இருக்கும்."

நான் பெயரைக் கேட்கவில்லை. ஈப்போவில் வாத்தியார்கள் எத்தனையோ பேர்.

வீட்டில் கோமதி வேப்பம்பூப் பச்சடி வைத்திருந்தாள். சாப்பிட முடியவில்லை. பல்.

15 ஏப்ரல்

கைலாசத்தின் மகனுக்கு எங்கள் அப்பாவின் பெயரை, சங்கரலிங்கம் என்று, வைத்ததாக ஒரு கடிதம் வந்தது. இருபது வருஷம் ஆகியிருக்கும். நான் பதில் போடவில்லை. அதை இங்கே எழுதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

21 ஏப்ரல், புதன்

ஒன்றரை அடித்தது. இருளப்பன் தண்ணீர் கேட்கவில்லை. கையைத் துடைக்கவில்லை. திருகைத் தொடவில்லை. தரையில் வெயில் பட்டை மேசைக்காலுக்கு வெகு தூரத்தில் கிடந்தது. அவன் அதை ஒருமுறை பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், தட்ட ஆரம்பித்தான். ஒரு பிழையும் இல்லாமல், நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து அனுப்பினான்.

தாண்டவராயன் அவன் தோளைத் தட்டினான். "இன்னிக்குத்தான்டா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கே."

பினாங்கிலிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. பிறகு 'கிடைத்தது' என்று மட்டும் வந்தது.

ராகு காலத்தில் சாவே வந்தாலும் கருவியைத் தொடாதவன் ராகு காலத்தின் நடுவில் தொட்டிருக்கிறான். இதைத் துரை கண்டுபிடிக்க மாட்டார். ஜப்பானியன் கண்டுபிடிக்க மாட்டான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து 'ராகு' என்று கேலி செய்தவனுக்கு மட்டும் தெரியும், தட்டுகிறவன் கழுத்தில் யாரோ கையை வைத்திருக்கிறார்கள் என்று.

தெரிந்த இன்னொருவன் நான். இப்போது போய்ச் சொன்னால் இருளப்பன் தொங்குவான். துரை வேறு செய்தி அனுப்பிச் சமாளித்து அந்த நாலு பேரையும் வரவழைத்துவிடலாம். சொல்லாவிட்டால் ஏற்பாடு பாழாகும். பாழாவது தாண்டவராயனின் ஏற்பாடு. அவன் விழுவதைப் பார்க்க இருபது வருஷமாகக் காத்திருக்கிறேன். சொல்லாமல் இருக்க இது ஒன்றே போதும். வேறு எதுவும் இல்லை.

28 ஏப்ரல், புதன்

தாண்டவராயன் டெலிபோனில் இருந்தபோது இருளப்பன் தாளைப் பார்த்தபடியே கேட்டான்.

"அய்யா வீட்டுல பழைய மணியா, புது மணியா?"

பதில் சொல்லியிருக்கக் கூடாது. "பழைய மணி" என்றேன்.

"அப்ப அய்யாவுக்குத் தெரியும்."

நான் 'துறைமுகம்' என்ற சொல்லில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்தேன். அவன் இன்று மறுபடி தண்ணீர் குடித்து, வியர்வை துடைத்து, இரண்டரைக்கு ஆரம்பித்தான்.

5 மே, புதன்

யாரும் வரவில்லை.

நேற்று இரவு முழுக்கத் துரையும் தாண்டவராயனும் நாற்பது சிப்பாய்களும் மணல்மேட்டில் கிடந்திருக்கிறார்கள். கடலில் ஒரு மீன்பிடி வள்ளம்கூடத் தென்படவில்லை. காலையில் தாண்டவராயன் தலைமுடியில் மணலோடு வந்து சேர்ந்தான். இன்று பினாங்கை அழைத்தோம். பதிலே இல்லை. மூன்று வரை இருளப்பன் தட்டிக்கொண்டிருந்தான்.

தாண்டவராயன் என்னைத் தனியே அழைத்துக் கேட்டான். அன்றைய செய்தியில் நான் எழுதாத சொல் ஏதாவது இருந்ததா? இல்லை. எழுத்து மாறியதா? இல்லை. கை நடுங்கியதா? இல்லை. எல்லாம் உண்மையான பதில்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கால் வீசை வெல்லம் கிடைத்தது, பிளாக்கில். பாயசம் வைக்கச் சொன்னேன். என்ன விசேஷம் என்றாள். பல் வலி போய்விட்டது என்றேன்.

9 மே, ஞாயிறு

எதிர்பாராமல் தாண்டவராயன் சிந்தாதிரிப்பேட்டைக்கு வந்தான், என் வீட்டுக்கு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. துரை வேறு இடம் போகிறாராம். போகுமுன் தவறு யாருடையது என்று எழுதிக் கேட்டிருக்கிறாராம். நாம் பழைய சிநேகிதர்கள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கொஞ்சம் அழுகைக் குரலில் பேசினான். எனக்கு அது பிடித்திருந்தது.

கோமதி காபி கொண்டுவந்தாள். அவன் சுவரைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"என்னம்மா, உங்க வீட்டுக் கடிகாரம் ஒரு மணி பின்னாடி இருக்கே?"

"பின்னாடி இல்லைங்க, அதுதான் நெசமான மணி" என்றாள் அவள். "இல்லாட்டி நல்ல நேரம் கெட்ட நேரம் எப்படிப் பாக்கது? எங்க வீட்டுக்காரரு புது மணியப் பாத்துட்டு, ராகு காலம் முடிஞ்சுதுன்னு நடு ராகு காலத்துல கிளம்புதாக."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தவன் வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தான். ஆவி அடங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே வைத்தான்.

என்னைப் பார்க்கவில்லை. "வரேன் பிள்ளைவாள்" என்று எழுந்து போய்விட்டான். காபி அப்படியே இருந்தது. நம் வீட்டுக் காபி அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கோமதி வருத்தப்பட்டாள்.

10 மே

கடிகாரத்துக்குக் கீழே அட்டை இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

இருளப்பனையும் காணோம். கோட்டை ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்களாம்.

19 மே

நாள் முழுக்கக் காத்திருந்தேன், என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று. கூப்பிடவில்லை. கோமதி அரிசிக்காக மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, நொய்யோடு வந்தாள்.

2 ஜூன், புதன்

குற்றப்பத்திரிகை தமிழாக்கத்துக்கு என்னிடமே வந்தது. கைதிக்கு அவன் பாஷையில் வாசித்துக்காட்ட வேண்டுமாம். அதன்படி இருளப்பன் பனங்காட்டில் ஒளிந்திருந்தபோது தேடிப் பிடிக்கப்பட்டவன். தானாக வந்து நின்றதாகச் சொன்ன முன்சீப்பின் ரிப்போர்ட் கோப்பில் இல்லை. நான் செய்த மொழிபெயர்ப்பும் இல்லை. பிடிபட்டபின் எந்த ஒத்துழைப்பும் தரவில்லை. பினாங்குக்கு அனுப்பிய செய்திகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவை நடக்கவே இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிற்று. அட்டையைத் தவறாக எழுதியவன் தாண்டவராயன். இருளப்பன் காட்டிக்கொடுத்தான் என்று சொன்னால், எப்படி என்று கேட்பார்கள். மணி வெளியே வரும். சிரிப்பார்கள், பதவி போகும். அதைவிட, துரையும் ஊர் மாறிப் போய்விட்ட நிலையில், ஒத்துழைப்பே இல்லை என்று சொல்லி, ஆளையே தொங்கவிட்டுவிடுவது சுலபம்.

சாயங்காலம் கூப்பிட்டான். மேசைமேல் ஓர் உத்தரவு. அவனுக்கு டெல்லிக்கு மாற்றல். அவனுடைய நாற்காலி எனக்கு, ஜூலை முதல் தேதியிலிருந்து. என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்றுகூட அடித்திருந்தார்கள்.

"மணி விஷயம் மணியோட போகட்டும், பிள்ளைவாள்" என்றான். "உங்களுக்கும் தெரிஞ்சிருந்துதுன்னு யாராவது கேட்டா, உங்களுக்கும்தானே கஷ்டம்."

உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கோமதியிடம் காட்டவில்லை.

3 ஜூன்

கோட்டையில் இருளப்பனுக்குக் குற்றப்பத்திரிகையை வாசித்துக்காட்டினேன். கையில் விலங்கு. இளைத்திருக்கிறான். பக்கத்தில் ஜெயில் அதிகாரி நின்றதால் எழுதியதை மட்டும் வாசித்தேன். பனங்காட்டில் ஒளிந்திருந்தது வந்தபோது அவன் நிமிர்ந்தான். முடிந்ததும், விளங்கிற்றா என்று கேட்க வேண்டும், கேட்டேன்.

"விளங்குச்சுய்யா." ஜெயில் அதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தப் பக்கத்துப் புள்ளைக யாரும் வரலைல்ல?" என்றான்.

"வரவில்லை" என்றேன்.

"அது போதும்யா." பிறகு, ஏதோ கடையில் சில்லறைச் சாமான் கேட்பது போல, "கற்பூரம் நீங்கதான வாங்கியாந்தீக. அது நெசக் கற்பூரந்தானா?" என்றான்.

ஜெயில் அதிகாரி நேரமாயிற்று என்றார்.

8 ஜூன்

அவனுக்கு அரசாங்கமே ஒரு வக்கீலை வைத்துக்கொடுத்திருக்கிறது. சோமசேகரன், சின்ன வயது, தம்புச் செட்டித் தெருவில் மாடியறை. இன்று மொழிபெயர்ப்புச் சந்தேகம் கேட்க வந்தார். கட்சிக்காரன் ஏதோ கற்பூரம், சத்தியம் என்கிறான், சித்தம் கலங்கிவிட்டதா என்று கேட்டார். அப்போது தாண்டவராயன் அறைக்குள் இருந்தான். பேப்பரைத் திருப்பும் சத்தம் கேட்டது. நான், ராமநாதபுரத்துப் பேச்சு வழக்கு சிலசமயம் விளங்காது என்றேன்.

வக்கீல் நன்றி சொல்லிவிட்டுப் போனார். விசாரணை பதினாறாம் தேதி. மூடிய அறை. மேல் முறையீடு கிடையாது.

9 ஜூன், புதன்

பகலில் பங்களாவில் வேலையில்லை. ஒன்றரைக்கு அந்த அறைக்குப் போய் உட்கார்ந்தேன். வெயில் பட்டை மேசைக்காலைத் தாண்டும்வரை இருந்தேன்.

11 ஜூன்

கோமதி வண்ணானுக்குப் போடும்போது சட்டைப்பையில் உத்தரவைப் பார்த்துவிட்டாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் என் பெயரும் முத்திரையும் தெரிந்திருக்கின்றன. கடைசியில் கிடைத்துவிட்டதே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

என்ன தோன்றியதோ, சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. பினாங்கில் ஈப்போ வாத்தியார் மகன் ஒருவன் இருக்கிறானாம், திருநெல்வேலிப் பேச்சுப் பேசுவானாம் என்று மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சங்கரலிங்கமா?"

"தெரியாது. கேட்கவில்லை."

"நல்லா இருக்கானாமா?"

"அங்கேதான் இருக்கிறான். இங்கே வரவில்லை."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, சொன்னவர் யார், அவருக்கு ஒரு வேளை சாப்பாடாவது போட வேண்டாமா என்று கேட்டாள்.

13 ஜூன், ஞாயிறு

எழுதிவிட்டேன். இரண்டு பக்கம், தமிழில், வக்கீல் சோமசேகரனுக்கு. மொழிபெயர்ப்பாளனின் தமிழ் இல்லாமல், யாரோ எழுதியது போல எழுதப் பார்த்தேன், வரவில்லை. அது என் நடைதான்.

எழுதியது: இருளப்பன் தானாகவே முன்சீப்பிடம் வந்தவன், முன்சீப்பை வரவழைத்துக் கேட்கலாம். புதன்தோறும் செய்தி அனுப்பினான், பினாங்கின் பதில்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன. மார்ச் பன்னிரண்டாம் தேதி உயிருக்குச் சத்தியம் செய்து கொடுக்கப்பட்டது, செய்தவர் இன்னார்.

எழுதாதது: மணி. அதை எழுதினால், பினாங்கை எச்சரித்த குற்றத்துக்காக இருளப்பன் இரண்டாம் தடவை தொங்குவான். கூண்டில் அதைக் கேட்கத் தெரிந்த ஆள் உலகத்திலேயே தாண்டவராயன் ஒருவன்தான். தன் பதவிக்குப் பயந்து அவன் கேட்க மாட்டான். இந்த நோட்டில் அது இருக்கிறது. ஆகவே நாளைக் காலை வெந்நீர் அடுப்புக்கு இதுதான் சுள்ளி.

எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்குத் தெரியும். தணிக்கையில் எந்தப் பை பிரிக்கப்படும், எது பிரிக்கப்படாது என்று இரண்டு வருஷம் பார்த்தவன். பாரிமுனையில் கோர்ட்டுக் கட்டடத்து வாசலில் இருக்கும் பெட்டி. வக்கீல்களின் உள்ளூர்த் தபாலை அங்கே யாரும் தொடுவதில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். போட்டால் உத்தியோகம், பென்ஷன், அந்த நாற்காலி எல்லாம் போகும், ஜெயிலும் உண்டு. வெறும் மொட்டைக் கடிதம் சாட்சியாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் யாரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும் என்பது ஒரு வக்கீலுக்கு அதிலிருந்து தெரிந்துவிடும். கடைசிப் பாராவை மறுபடி படித்தேன். 'சத்தியம் நடந்தபோது அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சத்தியம் செய்தார். ஒருவன் வாங்கிக்கொண்டான். மூன்றாம் ஆள் அயனாவரத்துப் பூசாரியிடம் கற்பூரம் வாங்கி வந்தவன். அது உண்மையான கற்பூரம்தான்.'

அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் கோமதி, பாரிமுனைக்குப் போவதானால் ராகு காலம் முடிந்து கிளம்பச் சொன்னாள். எந்த மணிக்கு என்று கேட்டேன். சுவரைக் காட்டினாள்.

அடிக்கவில்லை. உறையை ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே போகட்டும்.